அறியாமை என்னும் சலுகை

1995இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு விநோதப் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரே ஒரு நாள் வகுப்பு. தெருவில் பெண்ணுடலுக்கு விலைபேசி (பல சமயம் மாறுவேடத்தில் நின்ற பெண் போலீஸிடமே பேசி) முதல்முறையாகப் பிடிபட்ட ஆண்கள்தாம் மாணவர்கள். கட்டணம் கட்டி, நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டு, அப்புறம் மாட்டாமல் இருந்தால் வழக்கு இல்லை. வாடிக்கையாளனைச் சுட்டும் அமெரிக்கக் கொச்சையை ஒட்டி 'ஜான் ஸ்கூல்' என்று பெயர் வந்தது.

சிறையைவிடக் கல்வி மேல்தானே, இதிலென்ன தகராறு? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. 1975இல் ஃபூக்கோ எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, தண்டனை உடலைவிட்டு ஆன்மாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது போதாது. இங்கே எல்லா ஆன்மாக்களுக்கும் வகுப்பு கிடையாது.

இந்தச் சொல்லாடல் குற்றத்தை அறியாமையாக மாற்றி வாசிக்கிறது. பால்வினை நோய், சட்டம், தரகனின் அடி உதை – இதெல்லாம் ஆணுக்குத் தெரியாது, சொல்லிக்கொடுத்தால் திருந்துவான். சரி. அதே பேரத்தின் மறுபக்கம் நின்றவள்? கலிஃபோர்னியச் சட்டத்தில் அவளும் குற்றவாளிதான். ஆனால் 'தெரியாமல் செய்துவிட்டாள்' என்று அவளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அவனுக்குப் பாடமாக வைக்கப்படுவது அவள் ஏற்கெனவே வாழ்ந்து தீர்த்தது. அறியாமல் இருக்கும் உரிமையும்கூட ஆணுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இத்தோடு நிராகரித்துவிட முடியவில்லை. போலீஸோடும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தோடும் சேர்ந்து இதை உருவாக்கியவர் நார்மா ஹாட்டலிங். தெருவில் நின்றவர், ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர், சிறைக்குப் போய்வந்தவர். 2008இல் இறந்தார். எந்த ஆண்கள் அவரை விலைபேசினார்களோ அவர்களைப் போன்றவர்களை எழுந்துபோக முடியாமல் உட்கார வைத்து, அவர் பேசினார். விளிம்பு மையத்தைப் பார்த்துப் பேசியது என்று நாம் கட்டுரைகளில் எழுதுகிறோமே, அது அந்த அறையில் நிஜமாகவே நடந்தது. தோழிகள் சிலர் இதைச் சொல்லி என்னோடு சண்டை போட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த சாட்சியம் ஆணின் விடுதலைப் பத்திரத்துக்குள் ஒரு வரியாக அடங்கிப்போனது என்பதை மறுக்க முடியுமா?

பணக் கணக்கு இன்னும் சிக்கல். ஆயிரம் டாலர் வரை போன அந்தக் கட்டணத்திலிருந்துதான் போலீஸுக்கும் பங்கு, பெண்களுக்கான உதவித் திட்டங்களுக்கும் பங்கு. அவளுக்கு மருந்தும் ஆலோசனையும் வேண்டுமென்றால் அவன் பிடிபட்டுக்கொண்டே இருக்கணும். அவன் பிடிபட, தெருவில் பேரமும் தொடரணும்.

2008இல் அமெரிக்க நீதித்துறைக்காகச் செய்த மதிப்பீடு, மறுபடி கைதாகிறவர்கள் குறைந்தார்கள் என்று திட்டத்தைப் பாராட்டியது. கைதாகவில்லை, அவ்வளவுதான். தெருவை விட்டுத் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் மாறியவன் அந்தக் கணக்கில் திருந்தியவன்.