நூல்கள் நீங்கிய மாளிகை: சிக்காகோ பண்பாட்டு நிலையம் பற்றிய ஒரு நோக்கு

1897ஆம் ஆண்டில் சிக்காகோ நகரின் பொது நூலகமாகத் திறக்கப்பட்ட கட்டடம் 1977 முதல் அந்நகரின் பண்பாட்டு நிலையமாக இயங்கி வருகின்றது. இடிபடாது தப்பிய அம்மாளிகை கலைக்கு உறைவிடமானமை பேணற்பணியின் வெற்றியென்றே பொதுவாகப் பாராட்டப்படுகின்றது. பேணப்பட்டது எது என்ற வினாவை அப்பாராட்டு எழுப்புவதில்லை.

இந்நூலகத்தின் பிறப்பே தீயோடு தொடர்புடையது. 1871ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர், நாவலாசிரியர் தோமஸ் ஹியூஸ் முதலானோரின் முயற்சியால் 8,000இற்கு மேற்பட்ட நூல்கள் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டன. விக்டோரியா அரசியும் டார்வினும் டெனிசனும் அவற்றை வழங்கியோருள் அடங்குவர். எரிந்துபோன பொது நூலகத்துக்கு ஈடாகவே அவை வந்தன. இலவசப் பொது நூலகம் எதுவும் அங்கு அதுவரை இருக்கவில்லை என்பதே விந்தை! வந்த நூல்களுக்காகவே நூலகம் தோன்றியது. 1873இல் கைவிடப்பட்ட நீர்த்தொட்டியொன்றினுள் அது தொடங்கிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீக்கு இழந்த நம்மவர்க்கு இவ்வரலாறு அந்நியமானதன்று.

மாளிகை பின்னர் வந்தது. 1894இல் புல்மன் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஒடுக்கப் படையினர் நகருள் இறக்கப்பட்டபோது இதன் கட்டடவேலை நடந்துகொண்டிருந்தது. சலவைக்கற் படிக்கட்டும், 38 அடி விட்டமுடைய டிபனி கண்ணாடிக் குவிமாடமும் அக்கால முதலாளி வர்க்கத்தின் தன்னம்பிக்கையைப் பறைசாற்றுவன. எனினும், அக்குவிமாடத்தின் கீழேயே நூல் வழங்குமிடம் அமைந்திருந்தது என்பதை மறத்தலாகாது. ஆலைத் தொழிலாளியும் அவ்வொளியில் நின்று நூல் பெறலாம். செல்வத்தின் பகட்டுக்கு ஒரு சமூகப் பயன் வாய்த்திருந்தது.

நூல்கள் அகன்றதும் அப்பயன் அகன்றது. சுவர்களிற் பதிக்கப்பட்ட எழுத்தாளர் பெயர்களும் பன்மொழி வாசகங்களும் வெறும் அலங்காரமாயின. மாளிகை கலைக்கூடமாக மிளிர்ந்தது. நூல்களுக்கோ 1991இல் புதிய மத்திய நூலகம் திறக்கப்படும் வரை நிலையான இல்லம் இருக்கவில்லை. பண்பாடு என்பது பார்வைக்குரியது, வாசிப்புக்குரியதன்று என்ற கருத்தே இவ்வரிசைமுறையில் மறைந்து நிற்கின்றது.

ஆயினும், கண்காட்சிகளைக் காணக் கட்டணம் அறவிடப்படாமை நூலகம் விட்டுச்சென்ற மரபு எனலாம். 2017இல் கெரி ஜேம்ஸ் மார்ஷல் கட்டடத்தின் மேற்குப்புறத்துக்கென வடிவமைத்த பெருஞ்சுவரோவியம், கவிஞர் குவென்டலின் புரூக்ஸ் உட்பட நகரின் பண்பாட்டை வளர்த்த 20 பெண்களைக் காட்டுகின்றது. உள்ளே பொறிக்கப்பட்ட பெயர்களோ பெரும்பாலும் ஆடவருடையவை.