குருதி வகை, பாலினம், கோவிட்-19: ஆய்வுகள் மீதான விமர்சனம்

கோவிட்-19 தொற்றை ஏபிஓ குருதி வகையுடன் இணைக்கும் கருத்து, 2020 மார்ச்சில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட, சக ஆய்வாளர் மதிப்பாய்வு பெறாத முன்வரைவு ஒன்றால் பரவியது. வூகான் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளில் ஏ வகையினர் 37.75 விழுக்காடு, நகர மக்களில் 32.16, ஓ வகையினர் 25.80, மக்களில் 33.84. செய்திகள் இதை "ஓ வகையினருக்குப் பாதுகாப்பு" எனச் சுருக்கின. நோயாளிகளில் நால்வரில் ஒருவர் ஓ வகையினர் என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. அதை நம்பி முகக்கவசத்தைக் கழற்றிய ஓ வகையினருக்கு அந்த ஆய்வு எந்த உறுதியும் தரவில்லை.

அதே ஆண்டு சூனில் வெளியான இத்தாலி, எசுப்பானிய ஆய்வு வலுவானது. மூச்சுச் செயலிழப்புக்கு உள்ளான 1,610 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, ஏபிஓ மரபணுப் பகுதியில் தொடர்பைக் கண்டது. ஆனால் ஒப்பீட்டுக் குழுவில் குருதிக் கொடையாளர்களும் இருந்தனர். ஓ வகைக் குருதிக்குத் தேவை அதிகம் என்பதால் கொடையாளர்களிடையே அவ்வகையினர் கூடுதலாக இருக்க இடமுண்டு. அப்படியிருந்தால் நோயாளிகளிடையே ஓ வகை குறைவாகவே தோன்றும். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுக்கோ தீவிரத்துக்கோ குருதி வகையுடன் தொடர்பு தென்படவில்லை.

பாலின வேறுபாட்டுக்கான சான்று இதைவிட உறுதியானது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றாளர்களின் தரவைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், இருபாலருக்கும் ஏறக்குறைய சம அளவில் தொற்று இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் வாய்ப்போ ஆண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே "ஆண்களுக்கு எளிதில் தொற்றும்" என எழுதுவது, தொற்றையும் தீவிரத்தையும் குழப்புவதாகும்.