நீரரமகளிரும் நாட்டார் கவியும்

மட்டக்களப்பு வாவி கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, தெற்கே கல்முனைப் பகுதியை அணுகுகின்றது. பாலங்களும் வீதிகளும் பெருகுமுன் தோணியே இந்நிலத்தாரின் ஊர்தியாக விளங்கிற்று. கல்லடிப் பாலம் அமைந்ததே 1924இல் தான். சம்மான் என்னும் மரக்கலம் அடைந்த துறையே சம்மாந்துறை எனப் பெயர்க்காரணம் கூறும் வழக்கும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இளவேனிலில் இந்நீர்வழி ஒருதன்மைத்தன்று. வாடை ஓய்ந்து கச்சான் நிலைபெறாத இடைக்காலமாதலின், முற்பகலில் வெயில் எரிக்கும். பிற்பகலில் இடியும் மழையும் திடீரெனக் கவியும். பின்னர் இரவில் நீர்ப்பரப்பு அசைவற்றுக் கிடப்பதும் உண்டு.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) இயற்றிய ‘நீரரமகளிர்’ அத்தகைய ஓரிரவைக் காட்டுகின்றது. நள்ளிரவிற் புலவனொருவன் பாணனோடு தோணியிற் செல்கின்றான். பறவை முதல் நீர்வாழ் உயிர் ஈறாக யாவும் ஒன்றன்பின் ஒன்றாய் அடங்கிய பின்னரே வாவியினின்று இன்னிசை எழுகின்றது. இவ்வடுக்கு வெறும் வருணனை என்பாருமுளர். அது பொருந்தாது. துடுப்பை நீரிலிட்டு, அதன் மேல்நுனியிற் செவிவைத்துப் பாடுமீனின் ஒலியைக் கேட்பது இவ்வாவியில் வழங்கிய முறை. காற்றெழுந்து அலை புரளின் அவ்வொலி புலப்படுவது அரிது. ஆதலின் அமைதி இங்கு அணியன்று. கேட்டலுக்கு இன்றியமையாத நிலையாகும்.

இனி, தமிழரும் முஸ்லிம்களும் போற்றிவந்த இப்பகுதிக் கவி மரபை நோக்குக. காதலனை எதிர்பார்த்திருக்கும் பெண்ணொருத்தி, அவன் வருமளவும் கடல் ஒலியாதிருக்கவும், காற்று அடங்கவும், நிலவு ஒளி பரப்பாதிருக்கவும் வேண்டுவதாக ஒரு பாடல் வழங்குகின்றது. முன்னிரண்டு வேண்டுதல்கள் அவன் உயிர் கருதியவை. மூன்றாவது, ஊரார் அலர் கருதியது. புலவனுக்குத் துணையான நிலவே இவளுக்குக் காட்டிக்கொடுக்கும் பகையாகின்றது. புலவன் அமைதியைப் பெற்றவன். இவளோ அதனை இரந்து நிற்பவள்.

அடிகளின் பாடலிற் பயணம் இசையில் ஒடுங்கிவிடுகின்றது. தோணி கரைசேர்ந்ததா என்னும் கவலை அங்கு எழுவதில்லை. நாட்டார் கவியிலோ அக்கவலையே உயிர்நாடி. முன்னதைக் கலையென்றும் பின்னதைக் கல்லாதார் பொழுதுபோக்கென்றும் வகுக்கும் வகுப்பறை வழக்கம் வாவியின் ஒரு கரையை மட்டுமே காண்கின்றது. காற்று மாறுமென்று அஞ்சியவள் குரலையும் கேட்டவர்க்கே, புலவன் பெற்ற அமைதியின் அருமை முழுதும் விளங்கும்.