தொங்கும் காலுறைக்காரர்

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியும் 'உனக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார்' என்பதில் வந்து நிற்கும். வயதானவர் பில் வால்டன் என்பார்: 1973 இறுதி ஆட்டத்தில் 22 முறை எறிந்து 21 முறை கூடைக்குள் போட்டவர். கென்டக்கிக்காரரிடம் மட்டும் டியூக்கின் கிறிஸ்டியன் லேட்னர் பெயரை எடுக்கக் கூடாது. 1992இல் மீதமிருந்த 2.1 விநாடியில் அவர் போட்ட கூடை அங்கே இன்னும் ஆறாத புண்.

என் ஓட்டு பீட் மராவிச்சுக்கு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக மூன்றே பருவங்களில் 3,667 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரி 44.2. அப்போது மூன்று புள்ளிக் கோடே கிடையாது. எண்ணிக்கை கிடக்கட்டும், பழைய படச்சுருளைப் பாருங்கள்: கணுக்காலில் சரிந்து தொங்கும் காலுறை, பார்வை ஒரு பக்கம், முதுகுக்குப் பின்னால் பந்து மறுபக்கம். பயிற்சியாளர் அவருடைய அப்பாவேதான். மகனை இஷ்டத்துக்கு எறிய விட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு, சொல்லட்டும். அந்த மூன்று வருடமும் அணி தேசியத் தொடருக்குத் தகுதி பெறவில்லை என்பதும் உண்மைதான்.

2024 மார்ச்சில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அந்த 3,667ஐத் தாண்டினார். நான்கு பருவம் ஆடினார், மூன்று புள்ளிக் கோடும் இருந்ததே என்று பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். அந்தக் கோட்டுக்கும் வெகு பின்னாலிருந்து அவர் சாவகாசமாக எறிவதைப் பார்த்து வளரும் பேத்திகள் இந்தக் கணக்கையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.