வீடற்றவனும் சப்ரகமுவ வாசகனும்

ஒரு நாவல் தரும் ஏமாற்றத்துக்கு ஊற்றுக்கண்கள் இரண்டு. ஒன்று, படைப்பின் குறை. மற்றது, வாசகன் முன்கூட்டியே வளர்த்துக்கொண்ட எதிர்பார்ப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவது விமர்சனத்தின் கடன். சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலைச் சப்ரகமுவத் தோட்டங்களில் நின்று நோக்கும்போது இக்கடன் மேலும் கனதியாகின்றது.

சி. வி. மலையகத்தின் மதிப்புக்குரிய குரல். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கவாதி, நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை, சக்தி அ. பாலையாவின் தமிழாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என 1969 இல் வெளிவந்தபோது, தோட்டத் தொழிலாளரின் துயரம் இலக்கியத் தகுதி பெற்றது. அத்தகையவரின் நாவல், முன்னரே பத்திரிகைத் தொடராக வந்திருப்பினும், 1981 இல் நூலுருப் பெற்றபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

தோட்டத்தில் சங்கம் அமைக்க முற்படும் தொழிலாளி வேலையையும், அதனோடு இருப்பிடத்தையும் இழப்பதே நாவலின் கதை. லயத்து அறை தோட்ட நிருவாகத்தின் உடைமை; பெயர் வெட்டப்பட்டவனுக்கு அங்கு இடமில்லை. உழைப்பும் உறைவிடமும் ஒரே கையில் இருந்த இவ்வமைப்பைக் கதையின் அச்சாணியாகக் கொண்டமை நாவலாசிரியரின் கூர்மையான சமூக நோக்குக்குச் சான்றாகும்.

எனினும், கவிதையின் வாசகன் நாவலில் ஏமாற்றமடைகின்றான். கவிதையில் ஒரு சிறு காட்சி ஒரு தலைமுறையின் துயரைச் சுமந்து நின்றது. நாவலிலோ நிகழ்ச்சிகள் போராட்ட வரலாற்றின் படிகளாகவே பெரிதும் அமைகின்றன. தலைமைப் பாத்திரம் தனிமனிதனாக வளர்வதிலும் பார்க்க, ஒரு காலகட்டத்தின் பிரதிநிதியாக நிற்பதே மிகுதி. தொழிற்சங்கவாதியின் நேர்மை கலைஞனின் நிதானத்தை முந்திவிடுகின்றது. இது படைப்பின் குறையே.

சப்ரகமுவ வாசகனின் ஏமாற்றமோ வேறு வகையானது. நாவலின் உலகம் உயர்நிலத் தேயிலைத் தோட்டம். யட்டியாந்தோட்டை, தெகியோவிட்ட, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டத் தொழிலாளி வைகறையில் மரங்களுக்குச் செல்பவன். மழை பெய்தால் பால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியும் இல்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. அயலவரோடு கொள்வினையும் உண்டு; அச்சமும் உண்டு. இவ்வாழ்வை ‘மலையகம்’ என்னும் சொல்லே முழுமையாகத் தழுவுவதில்லை. மலையக நாவல் என்றால் தேயிலை நாவல் என்ற வழக்கு நிலைபெற்றமைக்கு இந்த ஒரு நூலைக் குற்றஞ்சாட்டுதல் நீதியன்று. அது ஒரு முழு இலக்கியப் பரப்பின் பற்றாக்குறை.

இங்கு வரலாறு ஒரு கொடிய ஒப்புமையைத் தந்துள்ளது. நூல் வெளிவந்த அதே 1981 இல், ஆகஸ்ட் மாதத்து வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர் பலர் லயங்களை இழந்து அகதிகளாயினர். நாவலின் நாயகனை வெளியேற்றியது நிருவாகத்தின் ஆணை; இவர்களை வெளியேற்றியது இனவெறியின் நெருப்பு. பிரசாவுரிமையை மறுத்த 1948 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே நாடற்றோராக்கி, 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையே பங்கிட்ட மக்களுள் ஒரு பகுதியினர் இப்போது வீடற்றோருமாயினர். நாவலின் தலைப்பு அவர்களுக்கும் பொருந்திற்று, கதை பொருந்தவில்லை.

முன்னரே எழுதப்பட்ட நாவல் பின்வந்த நெருப்பைக் காட்டவில்லை எனக் குறைகூறுதல் விமர்சனமாகாது. அவ்வாறே, ஆசிரியர்மீதுள்ள மதிப்பினால் கலைக்குறையை மூடிமறைத்தலும் விமர்சனமாகாது. ‘வீடற்றவன்’ எதிர்பார்த்த பெருநாவல் அன்று. ஆயின், கூலியையும் கூரையையும் பிணைத்த சங்கிலியை அது இனங்காட்டிற்று. சப்ரகமுவ வாசகனின் ஏமாற்றத்தில் எஞ்சுவது ஒரு குறைகூறல் அன்று, ஒரு கோரிக்கை. இறப்பர் மரத்தடியிலிருந்து, கிராமத்து வேலியோரத்திலிருந்து, எரிந்த லயத்திலிருந்து அந்த மக்களின் நாவல் எழுதப்படவேண்டும். சி. வி. தொடங்கி வைத்த கதையின் அடுத்த அத்தியாயம் அதுவே.