கரிய முகமும் காண்போர் கண்ணும்

திரைப்படத்திற் கறுப்பின மக்கள் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்னும் வினா அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1915 இல் வெளிவந்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படத்தில் வெள்ளை நடிகர் முகத்திற் கரிபூசிக் கறுப்பராகத் தோன்றினர். 1920 இல் கறுப்பின நெறியாளர் ஒஸ்கார் மிஷோ 'நம் வாயில்களுக்குள்' என்னும் படத்தில் தம் மக்களைத் தாமே காட்டினார். காட்டுபவர் யார் என்பதோடு ஆய்வு முடிவதில்லை. காண்பவன் தன்னை எவரோடு இனங்காண்கிறான் என 1952 இல் வினவினார் பிரான்ஸ் ஃபனோன். மேற்கிந்தியத் தீவுகளில் டார்சன் படம் பார்க்கும் கறுப்பு இளைஞன் டார்சனோடு ஒன்றுகிறான். ஐரோப்பிய அரங்கிலோ, சூழ இருக்கும் வெள்ளையர் அவனைத் திரையிலுள்ள காட்டுவாசிகளோடு சேர்த்தெண்ணுகின்றனர்.

இவ்வினாவை மலையகத்தாராகிய நாம் நம்மை நோக்கியும் எழுப்புதல் வேண்டும். கினிகத்தேனையிலும் ஹட்டனிலும் நாம் பார்த்து வளர்ந்தவை பெரும்பாலும் தென்னிந்தியப் படங்களே. அவற்றிற் சிவந்த மேனி காதலுக்கும் கரிய மேனி நகைச்சுவைக்கும் உரியனவாயின. ரஜினிகாந்த் போன்ற விதிவிலக்குகள் உண்டு; நாயகியர்க்கு அவ்விலக்கு எளிதிற் கிட்டவில்லை. கரிய முகத்தைக் கேலிசெய்யும் காட்சிக்குச் சிரிக்கும் தோட்டத்துச் சிறுவன், கொழுந்து பறிக்கும் தன் தாயின் நிறத்தைக் கண்டே சிரிக்கிறான் என்பதை அறியான்.

பாலாவின் 'பரதேசி' (2013) தோட்டத் தொழிலாளரை நடுவே நிறுத்திய படம். மருத்துவர் பி. எச். டானியலின் 'ரெட் டீ' (1969) என்னும் ஆங்கில நாவலைத் தழுவியது. இதிலும் நாயகி வேதிகாவின் முகத்துக்குக் கருமை பூச வேண்டியிருந்தமை கருதத்தக்கது. கங்காணியின் ஆசைவார்த்தை, தீராக் கடன், கொள்ளைநோய் ஆகியன உள்ளத்தை உலுக்குமாறு காட்டப்பட்டுள்ளன. நம் முன்னோர் பட்ட பாடும் இத்தகையதே. ஆயினும் இப்படத்துத் தொழிலாளர் அடிபடுகின்றனர், அழுகின்றனர், மடிகின்றனர், ஒன்றுகூடி எதிர்ப்பதில்லை. கதை 1939 இல் தொடங்குகிறது. 1940 சனவரியில் இலங்கையின் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அழுத கண்களைப் போலவே நிமிர்ந்த முதுகும் அக்காலத்துக்கு உரியதே.

அடையாளம் என்பது முடிந்துபோன பொருளன்று, ஆகிக்கொண்டேயிருப்பது என்பார் ஜமேய்க்காவிற் பிறந்த ஸ்டுவர்ட் ஹோல். 'மலையகத் தமிழர்' என்னும் பெயரே அதற்குச் சான்று. 'கூலி' எனப் பிறர் இட்ட பெயரை உதறி நாம் ஆக்கிக்கொண்ட பெயர் அது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் 1975 இல் தயாரித்து நடித்த 'புதிய காற்று' அவ்வாக்கத்தைத் திரைக்குக் கொணர்ந்த முயற்சி எனலாம். அது தொடர்தல் வேண்டும். பிறர் இரக்கத்தை வேண்டி நிற்கும் படங்கள் போதா. தோட்டத்துச் சிறுவன் தன் முகத்தை நாணாது நோக்கும் படங்களே இன்றைய தேவை.