கவ்பாய் பீபாப் தொடரில் பாணியும் பொருளும்

ஷினிச்சிரோ வதனபேயின் இயக்கத்தில் சன்ரைஸ் நிறுவனம் 1998இல் உருவாக்கிய ‘கவ்பாய் பீபாப்’ 26 பகுதிகளைக் கொண்ட ஜப்பானிய அசைவூட்டத் தொடராகும். கதை நிகழும் ஆண்டு 2071. நிலவின் அருகே நேர்ந்த விபத்தால் புவி சிதைய, மாந்தர் பிற கோள்களில் பரவி வாழ்கின்றனர். குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துப் பரிசுப் பணத்தில் பிழைக்கும் சிலர் ஒரு பழைய கலத்தில் ஒன்றுசேர்கின்றனர். ஜாஸ் இசை, கவ்பாய்ப் படம், ஹாங்காங் சண்டைப் படம், குற்றப் புனைவு எனப் பலவற்றின் கூறுகளையும் இத்தொடர் கடன் வாங்குகின்றது. இதனால், பாணி மிகுந்து பொருள் மெலிந்தது என்று இதனை ஒதுக்குவோரும் உளர். தொடரோ தன் இடைவேளைப் பலகையிலேயே தன்னைப் புதியதொரு படைப்புவகையாக அறிவித்துக்கொள்கின்றது. இரண்டுமே மிகைக் கூற்றுகள்.

இதன் பகுதிகள் ‘செஷன்’ எனப்படுகின்றன. அப்பெயர் வெறும் அணியன்று. யோகோ கன்னோ தாமாகவே ஆக்கியளித்த இசையிலிருந்து சில காட்சிகள் பிறந்தன என வதனபே கூறியுள்ளார்.

பாணியே பொருளாக மாறும் இடத்தைப் பதினெட்டாம் பகுதியிற் காணலாம். பே வாலன்டைன் என்பாள் 54 ஆண்டுகள் உறைநிலையில் கிடந்து, நினைவிழந்து, கடனோடு விழித்தவள். அவள் பெயருக்குப் பழைய பீட்டாமேக்ஸ் ஒளிநாடா ஒன்று வருகின்றது. ஸ்பைக்கும் ஜெட்டும் அதனை இயக்கும் கருவியைத் தேடிப் புவியின் பாழடைந்த நிலவறைக்குள் இறங்கி, அரும்பாடுபட்டு ஒன்றை எடுத்து வருகின்றனர். அது விஎச்எஸ் கருவி! பகுதியின் பெரும்பங்கு இந்நகைச்சுவையிலேயே கழிகின்றது. முடிவில் நாடா ஓடும்போது, சிறுமியான பே வருங்காலத் தனக்கு ஊக்கமூட்டி ஆர்ப்பரிக்கின்றாள். பார்த்து நிற்கும் பேக்கோ அவளை நினைவில்லை. இருபத்துநான்காம் பகுதியில் நினைவு மீண்டு, தன் வீட்டைத் தேடிச் செல்கின்றாள்; அங்கு இடிபாடே எஞ்சியுள்ளது. கட்டில் இருந்த இடத்தில் குச்சியால் மண்ணிற் கோடு கிழித்து, அதற்குள் படுத்துக்கொள்கின்றாள். விளக்கம் தரும் உரையாடல் எதுவும் இல்லை. கையறுநிலையைச் சொல்லாமற் சொல்லும் இவ்வடக்கமே தொடரின் பாணி எனலாம்.

குறையும் உண்டு. பகைவனான விஷியஸ் வாளும் கருப்பு உடையும் கொண்ட தோற்றம் மட்டுமே. ஜூலியாவோ ஸ்பைக்கின் ஏக்கத்திற்கு வெளியே உயிர் பெறவில்லை. மையக் கதை எனப்படும் இவர்தம் பகை ஐந்து பகுதிகளில் அடங்கிவிடுவது தொடருக்கு நன்மையாயிற்று.

நெட்பிளிக்ஸ் 2021 நவம்பரில் வெளியிட்ட நடிகர் வடிவம் உடையையும் கலத்தையும் கன்னோவின் இசையையும் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் விஷியஸ், ஜூலியா கதையை விரித்து, மூலம் பேசாது விட்டவற்றையெல்லாம் பேசவைத்தது. அடுத்த மாதமே அது கைவிடப்பட்டது.